வெள்ளை லண்டனுக்கு, மஞ்சள் கனடாவுக்கு

நமசிவாயத்தார் அவித்த முட்டையை இரண்டாகப் பிளந்து, வெள்ளைக்கருவைத் தட்டின் இடப்பக்கமும் மஞ்சள்கருவை வலப்பக்கமும் வைத்தார்.

“வெள்ளை லண்டனுக்கு” என்று சொல்லி அதை முதலில் வாயில் போட்டார். ஒரு மிடறு தண்ணீர் குடித்தார். “மஞ்சள் கனடாவுக்கு.”

லண்டன் என்பது மூத்த மகன் தவராசா. மஞ்சள்கரு முழுக்கக் கொழுப்பு, நெஞ்சுக்குக் கூடாது, வெள்ளையை மட்டும் சாப்பிடுங்கள் என்று எழுதியிருந்த பத்திரிகைத் துண்டை வெட்டி அனுப்பியவன். கனடா என்பது மகள் சிவமணி. மஞ்சளில்தான் சத்து முழுவதும் இருக்கிறது, அதை எறிவது மடைத்தனம் என்று அவளுடைய பத்திரிகை சொன்னது. இரண்டு பேரும் முத்திரை ஒட்டி அனுப்பியவர்கள். ஒருவர் சொல்லை எடுத்து மற்றவர் சொல்லைத் தள்ளினால், காணி பங்கிடும்போது ஓரவஞ்சகம் செய்ததற்கு ஒப்பாகிவிடும் என்று நமசிவாயத்தார் நினைத்தார்.

“அப்ப முழு முட்டையும் சாப்பிட்டாச்சுது, பெரியப்பா” என்றாள் நேசம்.

“ஆர் சொன்னது? வெள்ளை வேறை, மஞ்சள் வேறை. நடுவிலை தண்ணி குடிச்சதை நீ காணேல்லையோ?”

நேசம் அவருடைய காலஞ்சென்ற மனைவியின் தங்கை மகள். போரில் பாதை பூட்டுவதற்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த அவருடைய வீட்டில் ஒரு சின்ன அறையில் தங்கியிருந்தாள். பகலில் பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டச்சு வேலை. மாலையில் அங்கேயே புள்ளிவிபரவியல் வகுப்பு. காலி வீதியைக் கடப்பதென்றால் வலமும் இடமும் பார்த்துவிட்டு, இதற்கிடையில் வலப்பக்கத்தில் ஏதாவது மாறியிருக்கக்கூடும் என்று திரும்பவும் வலம் பார்ப்பாள். அதற்குள் இடப்பக்கத்திலிருந்து பஸ் வந்துவிடும். தினமும் நாட்குறிப்பு எழுதும் பழக்கமும் இருந்தது. பென்சிலால்தான் எழுதுவாள். தெப்பமாக நனைந்து வந்த நாளிலும் “இன்று மழை பெய்தது போல” என்று எழுதினால்தான் அவளுக்கு மனம் ஆறும்.

மூன்றாவது பிள்ளை குகதாசன், அதாவது நோர்வே. அவன் துண்டு அனுப்புவதில்லை; பொருளாகவே அனுப்புவான். மீன் எண்ணெய்க் குளிசை. தினமும் ஒன்று போட்டால் இரத்தம் தடிக்காது என்று அங்கே கண்டுபிடித்திருக்கிறார்களாம். அதில் வந்த சிக்கல் வெள்ளிக்கிழமை. நமசிவாயத்தார் வெள்ளி என்றால் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடாதவர். குளிசை மச்சமா, மருந்தா? தொலைபேசியில் கேட்டதற்கு, “அப்பா, நோர்வேயிலை வெள்ளிக்கிழமையெண்டு ஒண்டைக் கணக்கெடுத்து ஆராயேல்லை” என்று குகதாசன் கத்தினான். கடைசியில் வெள்ளிக்குரியதை வியாழன் இரவே போட்டுக்கொள்வதென்று முடிவாயிற்று.

நோர்வேப் பார்சலைத் தபாற்கந்தோரிலிருந்து எடுத்து வருவது நேசத்தின் வேலை. வழியில் காவலரணில் பையைத் திறந்து காட்டவேண்டும்.

“மே மொனவாத?” இது என்ன என்று பொலிஸ்காரர் போத்தலை ஆட்டிப் பார்த்தார்.

“மாளு தெல்” என்றாள் நேசம். மீன் எண்ணெய்.

அவர் பொன்னிறக் குளிசை ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்தார். “ஹொந்தத?” நல்லதா? அடையாள அட்டை இன்னும் அவருடைய கையிலேயே இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் தலையை ஆட்டிவிட்டுப் போயிருப்பார்கள். நேசத்துக்கு அது முடியவில்லை. சிலருக்கு நல்லது என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள், எப்படிப்பட்ட ஆட்களில் கொடுத்துப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது என்று தன்னிடமிருந்த கொஞ்சச் சிங்களத்தை வைத்துக்கொண்டு விளக்கத் தொடங்கினாள். பின்னால் வரிசை நீண்டது. பொலிஸ்காரர் குளிசையைப் போத்தலில் போட்டு, அட்டையையும் கையில் திணித்து, “யன்ன, யன்ன”, போ போ என்று கும்பிடாத குறையாக அனுப்பிவைத்தார்.

இந்த ஆராய்ச்சிகளெல்லாம் வீட்டுக்குள் வந்து கடைசியில் விழுந்தது சீனியம்மாவின் தலையில். கிருலப்பனையிலிருந்து காலையில் வந்து சமைத்துவிட்டுப் போகிறவள் அவள். லண்டன் தேங்காய்ப்பாலை நிறுத்தச் சொன்னது. கனடா ஒலிவ் எண்ணெயில் சமைக்கச் சொன்னது. வெள்ளவத்தையில் ஒலிவ் எண்ணெய் பாமசியில்தான் கிடைத்தது. விரல் நீளப் போத்தலில், குழந்தைக்குப் பூசுவதற்கு.

“ஐயா, இது ஒடம்புல தேய்க்கிறதுங்க. இதுல கத்தரிக்காய வதக்கச் சொல்றீங்களே, நாளைக்கு நல்லெண்ணெயக் குடிக்கச் சொல்லுவீங்களா?”

“கனடாவிலை இதிலைதான் பொரிக்கினமாம், சீனியம்மா.”

“அங்க குளிரு. வெளிய பூசினா ஒறஞ்சு போகும்னு உள்ளுக்கு ஊத்துறாங்க.”

தேங்காய்ப்பால் இல்லாத சொதி, மஞ்சள் கரைத்த வெந்நீர்போல மேசைக்கு வரும். நமசிவாயத்தார் அதைக் கண்ணை மூடிக்கொண்டு இடியப்பத்தில் ஊற்றுவார். சொதியென்றால் உயிரை விடுகிற மனிதர். இவ்வளவையும் அவர் ஏன் பொறுத்துக்கொள்கிறார் என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் விளங்கும்.

ஞாயிறு காலை அவர் முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டும் வேட்டியும் உடுத்து, தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் போய் அமர்ந்துகொள்வார். புகையிரத நிலைய அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர்; வரவேண்டிய வண்டிக்குக் காத்திருக்கத் தெரிந்தவர். முதலில் கனடா வரும், பிறகு நோர்வே, கடைசியாக லண்டன். ஒவ்வொன்றும் ஒரு பரீட்சை.

“அப்பா, முட்டையின்ரை வெள்ளை மட்டும்தானே?” என்று லண்டன் தொடங்கும்.

“வெள்ளையை முழுக்கச் சாப்பிட்டனான், தம்பி.”

“மஞ்சள்?”

“ரயில் வருது தம்பி, ஒண்டும் கேக்கேல்லை!”

வீட்டுக்கு முன்னால் தண்டவாளம், அதற்கப்பால் கடல். ரயில் போனால் பக்கத்தில் நிற்பவர் பேச்சுக்கூடக் கேளாது என்பது மெய்தான். ஆனால் நேரசூசியில் இல்லாத ரயில்களும் ஞாயிறுகளில் நிறைய ஓடின. பரீட்சை சுருக்கமாக முடிந்துவிடும்போல் இருந்தால், அவர் தன் பங்குக்கு ஒரு உடம்பு வருத்தத்தை எடுத்துவிடுவார். லண்டனுக்கு நெஞ்சுக்குள் ஒரு பிடிப்பு. கனடாவுக்கு முழங்கால். நோர்வேக்கு நித்திரையின்மை. தொலைபேசிக் கோல் இன்னும் கொஞ்ச நேரம் நீளும். அன்று முழுக்க அவர் முகத்தில் வெளிச்சம் இருக்கும். அந்த மூன்று கோலுக்காகத்தான் அவர் மற்ற நாட்களை உந்தித் தள்ளினார். நேசம் அதைக் கண்டிருந்தாள், நாட்குறிப்பிலும் எழுதியிருந்தாள். எழுதியதோடு விட்டுவிட்டாள்.

எதிர்பாராத விதமாகப் பிள்ளைகள் மூன்று பேரும் தங்களுக்குள் கதைத்துவிட்டார்கள். நெஞ்சும் முழங்காலும் நித்திரையும் ஓரிடத்தில் சேர்ந்தன. மூன்று நாடுகளும் கலங்கிப்போயின. அப்பாவைக் கெடுத்தது தேங்காய்ப்பாலா, முட்டையா, குளிசையா என்று ஒருவரோடொருவர் பிடுங்குப்பட்டு, கடைசியில் தவராசா நேசத்தை அழைத்தான்.

“நீ கணக்குப் படிக்கிறாய்தானே? எல்லாத் துண்டையும் எடுத்து வடிவாப் பாத்து, எது சரி, எது பிழையெண்டு சொல்லிவிடு. நீ சொன்னால் மூண்டு பேரும் கேப்பம்.”

நேசத்துக்கு உடனே சந்தேகம் வந்தது. தன்னால் முடியுமா? அன்று மாலை வகுப்பு முடிந்ததும் பாடம் நடத்தும் பௌஸி சேரிடம் போய் நின்றாள். அவர் கரும்பலகையைத் துடைத்தபடியே சொன்னார்:

“யாருல பாத்த? எத்தின பேருல பாத்த? வேற யாரோட ஒப்பிட்ட? இந்த மூணையும் கேளுங்க. அதோட, கட்டுரைட கடைசி வரிய விடாம வாசிங்க. நெறையப் பேர் தலைப்ப வாசிச்சிட்டு ஓடிர்ற.”

நேசம் துண்டுகளையெல்லாம் மேசையில் பரப்பினாள். பார்க்கப் பார்க்க அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. நெஞ்சைப் பற்றிய ஒன்று, ஏற்கெனவே மாரடைப்பு வந்த, புகை பிடிக்கிற, நடுத்தர வயது ஆண்களில் செய்தது. நமசிவாயத்தார் வாழ்நாளில் சுருட்டின் வாசனைகூடப் பிடியாதவர். இன்னொன்று எலிகளில் செய்தது. வேறொன்று ஒரு சிறிய கூட்டத்தை ஒரு மாதம் மட்டும் பார்த்துவிட்டு முழு உலகத்துக்கும் புத்தி சொன்னது. தேங்காயை வைதிருந்ததில் தேங்காய் சாப்பிட்டு வளர்ந்தவர் எவரையும் யாரும் பார்க்கவே இல்லை. சிவப்பு வைன் குடிக்கும் பிரெஞ்சுக்காரருக்கு நெஞ்சு வருத்தம் குறைவு என்று ஒரு துண்டு சொன்னது. அதில் மட்டும் நமசிவாயத்தார் நீலப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார்.

“அதை வடிவாப் பார், பிள்ளை” என்று கதவடியில் நின்று சொன்னார். “அது நல்ல ஆய்வு மாதிரித் தெரியுது.”

“பெரியப்பா, அது பிரெஞ்சுக்காரரிலை பாத்தது.”

“எலியிலை பாத்தது எனக்குப் பொருந்துமெண்டால் பிரெஞ்சுக்காரனிலை பாத்தது பொருந்தாதே? அவன் எலியை விட எனக்குக் கிட்டத்துச் சொந்தம்.”

அவள் அதோடு நிற்கவில்லை. அவரைக் களுபோவில ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் இரத்தம் சோதித்தாள். டொக்டர் தாளைப் பார்த்து, வயதுக்கு நன்றாகவே இருக்கிறது, பிறஷர் குளிசையை மட்டும் விடவேண்டாம், உப்பைக் குறைத்து மாலையில் கொஞ்சம் நடக்கட்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு நேசம் மூன்று நாடுகளுக்கும் தீர்ப்பு வழங்கினாள். அனுப்பியவற்றில் முக்கால்வாசி அப்பாவைப் போன்ற ஆட்களில் செய்ததல்ல. எல்லாவற்றையும் அளவோடு சாப்பிடலாம். பிறஷர் குளிசை கட்டாயம். மற்றப்படி பெரியப்பா சுகமாக இருக்கிறார். முதல் தடவையாக அவள் “போல” போடாமல் சொன்ன வசனம் அது.

“எங்கடை வயித்திலை பாலை வாத்தாய்” என்றாள் சிவமணி. “இனி வீணாய்ப் பயப்பிடத் தேவையில்லை. மாசத்துக்கு ஒரு ஆளா முறை வைச்சுக் கதைச்சாலே போதும். கோல் காசும் மிச்சம்.”

நேசம் அன்றிரவு தலையணையில் தலை வைத்தபோது தன்னைப் பற்றி நல்லதாகவே நினைத்தாள்.

அடுத்த ஞாயிறு நமசிவாயத்தார் வழக்கம்போலச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டோடு கதிரையில் அமர்ந்தார். தொலைபேசி அசையவில்லை. ஒருமுறை எடுத்துக் காதில் வைத்து உயிர் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மாத்தறை வண்டி போயிற்று, திரும்பியும் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு சவரம் செய்யவில்லை. சீனியம்மா கட்டிப்பால் விட்டு, கறிவேப்பிலை மிதக்க உண்மையான சொதி வைத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கரண்டியோடு கையைக் கழுவினார்.

“என்ன ஐயா, இதுக்காகத்தானே இத்தன நாளு மூக்கால அழுதீங்க?”

“நல்லாத்தான் இருக்கு. வயிறு கேக்கேல்லை.”

காலையில் முட்டை வந்தபோது பிளக்காமல் முழுதாக வாயில் போட்டுக்கொண்டார். நேசம் தண்ணீரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“பெரியப்பா, ஏதும் செய்யுதோ?”

“எனக்கென்ன குறை? நீதானே வடிவாக் கணக்குப் பாத்துச் சுகமெண்டு சொல்லிப்போட்டாய். சுகமா இருக்கிறவனோடை ஆர் கதைக்கிறது?” குரலில் கோபமில்லை, நேசத்தைக் கிண்டிப் பார்க்கும் பழைய குறும்புதான். அதன் அடியில் என்ன இருந்தது என்பது அவளுக்கு விளங்கியது. “முட்டைக்குள்ளை என்ன கிடக்கெண்டு எனக்கென்ன தெரியும், பிள்ளை? முட்டையாலை மூண்டு பேரும் கோல் எடுத்தவை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

துண்டுகளை அவ்வளவு கவனமாகச் சல்லடை போட்ட நேசம், அவை எதற்காக வந்தன என்பதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

“அப்ப நான் ஒருக்கா விழட்டே?” என்றார் நமசிவாயத்தார் உற்சாகமாக. “சும்மா, கதிரையிலை இருந்து கீழை. நோகாமல் விழுவன்.”

“விசர்க்கதை கதையாதைங்கோ!”

“எண்டால் மயக்கம் வந்ததெண்டு நீ சொல்லன்.”

“வராததை எப்படிச் சொல்லுறது?”

“உன்னை வைச்சு ஒரு பொய்யும் சொல்லேலாது” என்று அவர் பெருமூச்சு விட்டார். “கொம்மாவும் இப்படித்தான்.”

பொய் சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. நேசம் திரும்பவும் துண்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். தவராசாவின் துண்டுகளெல்லாம் கத்தரிக்கோலால் சதுரமாக வெட்டப்பட்டிருந்தன. வெட்டிய இடத்தில் கடைசி வரிகள் போய்விட்டிருந்தன. சிவமணியுடையவையும் அப்படித்தான். ஒன்றே ஒன்று, குளிசைப் போத்தலைச் சுற்றிவந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாளில் இருந்த ஆய்வுக் கட்டுரை, முழுதாக இருந்தது. அதன் கடைசி வரியில், உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, மேலும் நீண்டகாலம் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்று இருந்தது.

பௌஸி சேர் சொன்னதில் அவள் செய்யாமல் விட்டது கடைசி வரியை வாசிப்பது ஒன்றுதான். தன்னுடைய தீர்ப்பையே எடுத்து அந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்த்தாள். யாரில் பார்த்தாய்? பெரியப்பாவில். எத்தனை பேரில்? ஒருவரில். வேறு யாரோடு ஒப்பிட்டாய்? ஒருவரோடும் இல்லை. சோதித்ததும் ஒரே தரம். அவளுடைய முகம் சிவந்தது; பிறகு மெல்ல மெல்லச் சிரிப்பு வந்தது. எலிக்காரர்களைக்கூட மன்னிக்கலாம். அவர்கள் கடைசி வரியையாவது எழுதியிருப்பார்கள்.

முதல் மாத முறை கனடாவுடையது. தொலைபேசி அடித்ததும் நமசிவாயத்தார் பாய்ந்தெடுத்து, தான் நன்றாக இருப்பதாக மிகவும் பலவீனமான குரலில் சொன்னார். நேசம் அவருடைய கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“அக்கா, நான் பிழை விட்டிட்டன். அவசரப்பட்டு முடிவு சொல்லிப்போட்டன்.”

“ஐயோ, அப்பாவுக்கு என்ன?”

“ஒண்டும் தெரியேல்லை. அதைத்தான் சொல்லுறன். ஒரு ஆளை ஒருக்காச் சோதிச்சுப்போட்டு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது. இவரைப் போலை தேங்காய்ப்பால் குடிச்சு வளந்த ஆக்களை உங்கடை துண்டுகளிலை ஒருத்தரும் பாக்கேல்லை. நாங்கள்தான் பாக்கவேணும். கிழமைக்கு ஒருக்காச் சொதி குடுத்து, பிறஷர் எப்படி, நித்திரை எப்படி, மனம் எப்படியெண்டு ஒழுங்காக் கேக்கவேணும்.”

“நீ கேட்டு எழுதன்.”

“நான் வீட்டிலை இருக்கிற ஆள். என்னட்டை அவர் நடிப்பார். கேக்கிறவை தூரத்திலை இருக்கவேணும். மூண்டு பேரும் தனித்தனியாக் கேக்கவேணும். ஒருத்தர் கேட்டதை மற்றவைக்குச் சொல்லக்கூடாது. சொன்னால் பதில் ஒண்டையொண்டு தொத்திக்கொள்ளும். கடிதத்திலையும் சரிவராது, அக்கா. குரலைக் கேட்டால்தான் உண்மை தெரியும். கிழமைக்கு ஒருக்கா. ஞாயிறெண்டால் எல்லாருக்கும் வசதி.”

கதிரையில் இருந்த நமசிவாயத்தார் நிமிர்ந்தார். “ஆய்வுக்கு எடுத்த ஆள் வைனும் கேக்கிறார் எண்டு சொல்லு” என்று கிசுகிசுத்தார். நேசம் கையால் அவரை அடக்கினாள்.

சிவமணி, “இந்த ஆய்வு எவ்வளவு காலத்துக்கு?” என்று கேட்டாள்.

நேசம் யோசித்தாள். உண்மையான பதில் ஒன்றுதான் இருந்தது.

“பெரியப்பா உயிரோடை இருக்குமட்டும், அக்கா.”

மறுமுனை இரைச்சலில் சிவமணி மூக்கை உறிஞ்சினாளா சிரித்தாளா என்பது தெளிவாகத் தெரியவில்லை.

“அவர்தானே உனக்கு இதைச் சொல்லித் தந்தவர்?”

“இல்லை, அக்கா. வைன் மட்டும்தான் அவர் கேட்டவர். அதை நான் சேர்க்கேல்லை.”

“சரி. அண்ணைக்கும் தம்பிக்கும் நான் சொல்லுறன். என்னென்ன கேள்வியெண்டு நீ எழுதி அனுப்பு.”

அடுத்த ஞாயிறு நமசிவாயத்தார் இஸ்திரிச் சேட்டின் மேற்பொத்தானையும் பூட்டிக்கொண்டு அமர்ந்தார். குசினியில் சீனியம்மாவின் சொதி மணத்தது. கனடா வந்தது. நோர்வே வந்தது, வெள்ளிக்கிழமைக் குளிசையைப் பற்றி மறுபடி ஒரு சண்டை நடந்து முடிந்தது. கடைசியாக லண்டன் வந்தபோது அவர் முட்டையைப் பிளந்துகொண்டிருந்தார். ஒரு கையில் தட்டும் மறுகையில் தொலைபேசியுமாக, கழுத்தைச் சரித்துக்கொண்டு கதைத்தார். நேசம் பக்கத்தில் பென்சிலோடு இருந்தாள்.

“நித்திரை பறவாயில்லை, தம்பி. மனமோ? மனம் நல்லாயிருக்கு. இல்லை, அப்படி ஒரேயடியாச் சொல்லேலாது. அடுத்த கிழமை ஒருக்காக் கேட்டுப்பார்.”

தவராசா ஏதோ கேட்டான். அவருடைய குரல் உடனே உயர்ந்தது.

“என்ன? பிறஷர் குளிசையோ? ரயில் வருது தம்பி, ஒண்டும் கேக்கேல்லை!”

நேசம் எழும்பி, பிறஷர் குளிசையையும் தண்ணீரையும் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் வாயில் போட்டு விழுங்கும் வரைக்கும் நின்றாள். பிறகு தாளில், “கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. காரணம் ரயில்” என்று எழுதினாள்.

எழுதியபின் சந்தேகமாக இருந்தது. வாசலுக்குப் போய் வலமும் இடமும் பார்த்தாள். திரும்பவும் வலம் பார்த்தாள். தண்டவாளம் வெயிலில் மினுங்கியது. தெகிவளைப் பக்கமும் ரயில் இல்லை, பம்பலப்பிட்டிப் பக்கமும் இல்லை. அதன்மேல் ஒரு காகம் ஆறுதலாக நடந்து போனது.

உள்ளே வந்து, பென்சிலை எடுத்து, “ரயில்” என்பதற்குப் பக்கத்தில் “போல” என்று சேர்த்துக்கொண்டாள்.